பச்சைக் குடைக்காரிக்குத் தனிக்கட்டுரை தேவையா?

கலைக்களஞ்சியத்துக்காகப் பாட்டுகளைச் சலிக்கிற வேலைக்குச் சம்பளம் கிடையாது, பகை மட்டும் வாசல் தேடி வரும். இந்த வேலைக்கு வருவதற்கு முன்பே எனக்கு முதல் அநியாயம் செய்தவன் பாடகன் குணபாலன். அவன் பெயரை முதலில் எழுதிவிட்டால்தான் மற்றது எழுத வருகிறது.

நான் கண்டியில் ஒலிபெருக்கி வாடகைக்கு விடுகிறவன். படிப்பு ஹேவாஹெட்டத் தோட்டத்துப் பள்ளியில் ஐந்தாம் வகுப்போடு சரி. ஊரடங்குக் காலத்தில் கல்யாணமும் இல்லை, திருவிழாவும் இல்லை. ஒலிபெருக்கிப் பெட்டிகள் மூலையில் கிடந்தன, நான் போனில் கிடந்தேன். யாரும் எழுதலாம், யாரும் திருத்தலாம் என்கிற இணையக் கலைக்களஞ்சியம் ஒன்று கண்ணில் பட்டது. அதில் எங்கள் பக்கத்து ஆறொன்றைத் தூக்கி வேறு மாவட்டத்தில் ஓட விட்டிருந்தார்கள். கோபத்தில் திருத்தினேன். அன்று பிடித்தது இன்னும் விடவில்லை.

என்னோடு இதில் மாட்டியிருப்பவர்களுக்கு விளக்கம் வேண்டாம். மற்றவர்களுக்குச் சொல்கிறேன். ஒரு பாட்டுக்குத் தனிக்கட்டுரை வேண்டுமென்றால் அது நல்ல பாட்டா என்று நாங்கள் கேட்பதில்லை. பாடினவருக்குச் சொந்தமோ கூட்டோ இல்லாத யாராவது பத்திரிகையிலோ புத்தகத்திலோ அதைப் பற்றி நாலு வார்த்தை எழுதியிருக்கிறார்களா என்றுதான் கேட்போம். எழுதியிருந்தால் தனிக்கட்டுரை. இல்லாவிட்டால் பாடகரின் கட்டுரைக்குள் ஒரு வரியாகப் போய் ஒண்டிக்கொள்ள வேண்டியதுதான். இதைப் பாடகரின் சொந்தக்காரர்களிடம் சொல்லிப் பாருங்கள், தெரியும்.

என் பெட்டியிலேயே கேட்டது

குணபாலன் 'பச்சைக் குடைக்காரி' பாட்டைப் பதிவு செய்த அன்று புல்லாங்குழல்காரர் வரவில்லை. மழையில் மண் சரிந்து பாதை அடைபட்டுவிட்டது. மைக் ஸ்டாண்ட் இரவல் கொடுக்கப் போயிருந்த நான் ஓரமாக நின்று விசிலடித்தபடி வயர் சுற்றிக்கொண்டிருந்தேன். "அதையே மைக்குல அடிடா செல்லையா" என்றான். அடித்தேன். அந்தப் பாட்டு ஒரு தைப்பொங்கலுக்குக் கிளம்பி, தீபாவளிக்குள் அடங்கிப்போன நடுத்தர ஹிட். ஆனால் ஓடின வரைக்கும் ஹேவாஹெட்ட பஸ்ஸில் அந்த விசில் வந்தால் கடைசி சீட்டுவரை கூட அடிப்பார்கள்.

பிறகு ஒரு திருவிழா மேடையில் அறிவிப்பாளர் அவனைக் கேட்டார், ஆரம்பத்தில் வருகிற அந்த அருமையான விசில் யாருடையது என்று. நான் மேடைக்குப் பின்னால், வயரைக் கையில் பிடித்தபடி நிற்கிறேன். என் மைக்கில் அவன் சொன்ன பதில் என் பெட்டிகள் வழியாகவே ஊர் முழுக்கக் கேட்டது: "அதுவும் நானேதான், சின்ன வயசுலருந்தே பழக்கம்!"

கிராம சேவகர் சான்றிதழ்

போன வருடம் அந்தப் பாட்டுக்குத் திடீரென்று ஒரு தனிக்கட்டுரை முளைத்தது. எழுதியவன் குணபாலனின் அக்கா மகன் சுரேஷ். ஓட்டோ ஓட்டுகிறவன், இரண்டு பிள்ளைகளின் தகப்பன். கட்டுரையில் 'விசிலும் இவரே' என்று ஒரு வரி.  மேடையில் சொன்ன பொய் காற்றோடு போய்விடும். கலைக்களஞ்சியத்தில் ஏறினால் என் பேரப்பிள்ளைகளும் அதைத்தான் படிப்பார்கள். சான்று இல்லை, தனிக்கட்டுரை வேண்டாம் என்று, நாங்கள் வாதாடுகிற உரையாடல் பக்கத்தில் எழுதினேன். அந்த விசில் என்னுடையது, இந்தப் பாட்டோடு எனக்கு மனத்தாங்கல் உண்டு என்பதையும் சேர்த்து எழுதினேன். நமக்குச் சம்பந்தம் இருந்தால் சொல்லிவிட வேண்டும், அது முறை.

மற்றவர்கள் புனைபெயரில் எழுதுகிறார்கள். நான் சொந்தப் பெயரில் எழுதுகிற மடையன். மறுநாளே சுரேஷ் கடைக்கு வந்துவிட்டான். சான்று கேட்டீர்களே, இந்தாருங்கள் என்று ஒரு தாளை நீட்டினான். ஊர் அரசாங்க அதிகாரியான கிராம சேவகர் சிங்களத்தில் எழுதி, கையெழுத்து வைத்து, முத்திரையும் குத்தியிருக்கிறார். மேற்படி பாடலைத் தாம் நெடுங்காலமாக அறிவதாகவும், அதைப் பற்றி இதுவரை எந்த முறைப்பாடும் புகாரும் இல்லை என்றும். அவருக்கும் அந்தப் பாட்டு பிடிக்குமாம். இது செல்லாது என்றேன். சுரேஷுக்கு முகம் சிவந்துவிட்டது. "என்னா மாமா பேசுறீங்க? ஆளுக்கு ஐடி எடுக்கவே இது போதும், ஒரு பாட்டுக்குப் போதாதா?"

அலவத்துகொடையில் ஒரு லொறி

அந்த வாரம் அலவத்துகொடையில் ஒரு கல்யாண வீட்டுக்குப் பெட்டி இறக்கப் போனேன். குனிந்து வயர் இழுத்துக்கொண்டிருக்கிறேன், முதுகுக்குப் பின்னால் என் விசில் கேட்கிறது. அதே இழுப்பு, கடைசியில் அதே சறுக்கல். திரும்பினால் ஒரு லொறி பின்பக்கமாக என் மேல் வந்துகொண்டிருக்கிறது. ரிவர்ஸ் போட்டால் அந்த விசில் அடிக்கும்படி யாரோ வைத்திருக்கிறார்கள். பாய்ந்து ஓரத்துச் சாக்கடைக் கானுக்குள் இறங்கினேன். என் விசிலுக்கே நான் தப்பி ஓட வேண்டியதாகிவிட்டது.

லொறிக்காரர் ஹார்ட்வெயார் கடை வைத்திருக்கிற முஸ்லிம் அண்ணன், நாங்கள் நானா என்போம், எனக்குப் பழக்கமானவர். கை கொடுத்துத் தூக்கிவிட்டு, "மிச்சம் பேமஸான பாட்டு" என்றார். நான் காற்சட்டைச் சேற்றைத் தட்டிக்கொண்டே, ரொம்பப் பேமஸ் என்றாலும் போதாது நானா, கலைக்களஞ்சியத்தில் லொறியைச் சான்றாக எடுக்க மாட்டார்கள் என்று விளக்கினேன். பொறுமையாகத்தான் கேட்டார். "அவங்க நம்பாட்டிப் பரவாயில்ல செல்லையா. லொறிக்குப் பின்னால நிக்கிற ஆள் நம்புறானே, அது போதும் எனக்கு!"

பல்

சுரேஷ் மறுபடியும் வந்தான். இந்தத் தடவை தாள் இல்லை, தந்திரம். "விசில் உங்களோடதுன்னு எழுதியிருக்கீங்களே மாமா, ஒருக்கா அடிச்சிக் காட்டுங்க. நானே கட்டுரைய மாத்திடுறேன்" என்றான். நியாயமான பேச்சுதான். ஆனால் என் முன்பல் நாலும் போய்விட்டன. இப்போது வாயில் இருப்பது கட்டின பல். விசில் என்பது உதட்டில் இருப்பதாக நினைக்கிறோம். அது பல்லில்தான் இருந்தது என்பது பல் போன பிறகுதான் தெரிகிறது.

ஆனாலும் ரோஷம் விடவில்லை. கடைக்கு முன்னால் நாலு பேர் பார்க்க, உதட்டைக் குவித்து ஊதினேன். கட்டின பல் நழுவி நாக்கில் விழுந்தது. கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு இன்னொரு தடவை ஊதினேன். பக்கத்துக் கடைக்காரர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். சுரேஷ் கொஞ்சமும் சிரிக்காமல், கவலையோடு சொன்னான்: "மாமா, காத்து வருது. பாட்டு வரல."

எண்ணாத கருத்து

முடிவு சொல்ல வேண்டியவர் யாழ்ப்பாணத்தில் இருக்கிற ஒரு ஆசிரியை. எங்களைப் போன்றவர்கள் எழுதுவதையெல்லாம் படித்து, கடைசியில் தீர்த்துவைக்கிற நிர்வாகி. நேரில் பார்த்ததில்லை, போனில்தான் பழக்கம். அவர் முடிவு போடும்வரை எனக்கு ஒழுங்காகத் தூக்கம் இல்லை. தனிக்கட்டுரை நின்றால் பொய் நிற்கும். நீக்கினாலோ, செல்லையா வன்மத்தில் செய்த வேலை என்பார்கள். எனக்கே அந்தச் சந்தேகம் இருந்தது.

முடிவு வந்தது: தனிக்கட்டுரை வேண்டாம், குணபாலன் கட்டுரைக்குள் ஒரு வரி போதும். கிடைத்த பத்திரிகைத் துண்டுகளெல்லாம் அவனே கொடுத்த பேட்டிகளும் விளம்பரமும். 'விசிலும் இவரே' என்பதற்குச் சான்று இல்லாததால் அது தூக்கப்பட்டது. 'விசில் செல்லையா' என்பதற்கும் சான்று இல்லை, அதனால் அதுவும் ஏறவில்லை. நான் போன் எடுத்து, என்னுடைய கோபம் உங்கள் தீர்ப்பில் ஏதாவது கலந்துவிட்டதா பிள்ளை என்று கேட்டேன். அவர் சொன்னதைக் கேட்டதும் நெஞ்சிலிருந்து ஒரு பெட்டியை இறக்கி வைத்தது போல இருந்தது. "ஐயோ அண்ணை, உங்கட கருத்தை நான் எண்ணவே இல்லை. கோவம் எண்டு நீங்களே எழுதி வச்சிருக்கிறியள், பிறகு எப்பிடி எண்ணுறது?"

குணபாலன் வந்தான்

அதன் பிறகு ஒரு பின்னேரம் குணபாலனே வந்தான். நரைத்து, இளைத்து, கையில் ஒரு குடையோடு. பச்சை இல்லை, கறுப்பு. கதிரையைக் காட்டினேன், உட்கார்ந்தான். பிளேன்டீ வாங்கிக் கொடுத்தேன், குடித்தான். கடையில் வேறு யாரும் இல்லை. கண்ணாடிக் கிளாஸை உருட்டிக்கொண்டே, "ஏன்டா செல்லையா, விசில் உன்னோடதுன்னு உண்மையப் போட்டிருந்தா தனிக்கட்டுரையா விட்டிருப்பாங்களா?" என்றான்.

இந்த ஒரு வார்த்தைக்காக எத்தனை காலம் காத்திருந்தேன்! ஆனால் எனக்கும் முறை தெரியும். "போட்டிருந்தாலும் விட்டிருக்க மாட்டாங்க. பாடுனவன் வாயே சான்று ஆகாது" என்றேன். அவன் தலையாட்டினான். நான் எழுந்து வாசலுக்குப் போனேன். வெளியே சுரேஷ் ஓட்டோவில் சாய்ந்திருந்தான். "குணபாலா, இப்ப உண்மைன்னு சொன்னியே, அத இவனுக்கும் கேக்குற மாதிரி இன்னொரு தடவ சொல்லு" என்றேன். குணபாலன் கிளாஸைக் கீழே வைத்தான். குடையை எடுத்துக்கொண்டு எழுந்தான். என்னைத் தாண்டிப் போகும்போது, பழைய மேடைச் சிரிப்போடு திரும்பினான். "நான் அப்படிச் சொன்னேன்னு உன்கிட்டச் சான்று இருக்காடா?"

ஒரு பாட்டுக்குத் தனிக்கட்டுரை கிடைக்காமல் போனதில் என்னைப் போல நிம்மதியாகத் தூங்கியவன் இந்த மலைநாட்டில் இருக்க மாட்டான், ஆனால் அதே திருவிழா மேடையில் என் அதே பெட்டிகளில் குணபாலன் சொல்லித் தீர்க்க வேண்டிய ஒரு வரி இன்னும் அவனிடம்தான் இருக்கிறது, நானும் அவனுக்காக ஒரு மைக்கை யாருக்கும் வாடகைக்கு விடாமல் வைத்திருக்கிறேன்.