மே மாதத்தில் கம்பளி சாக்ஸ்

போன மாதம் ஒரு சாயங்காலம். ஆபீஸ் விட்டு வீட்டுக்கு வந்தேன். மே மாதத் தாம்பரம்... தெருவில் தார் இளகிச் செருப்பில் ஒட்டியது. உள்ளே நுழைந்தால், ஃபேனை நிறுத்திவிட்டு, ஸ்வெட்டர், குரங்குக் குல்லாய், கம்பளி சாக்ஸ், தடித்த கிளவுஸ் சகிதம் என் மனைவி விமலா ஹாலில் உட்கார்ந்து ஷூ லேஸ் கட்டிக்கொண்டிருந்தாள். மூக்கு நுனியில் வேர்வை சொட்டியது.

"என்ன ஆச்சு உனக்கு?"

"கிளவுஸோட லேஸ் கட்டிப் பழகணுமாம். அங்க கையை வெளிய எடுத்தா விறைச்சுப் போயிடும். நீங்களே காபி போட்டுக்குங்க."

போட்டுக்கொண்டேன். வேறென்ன செய்ய?

இந்தப் பத்தியைத் தொடர்ந்து படிப்பவர்களுக்கு விமலாவைத் தெரியும். அரசு அலுவலகம் ஒன்றில் ஹெட் கிளார்க். வயது நாற்பதுகளின் நடுவில். எங்கள் ஒரே பெண் போன வருடம் கல்யாணம் முடிந்து பம்பாய்க்குப் போய்விட்டாள். விமலா இதுவரை பார்த்த அதிகபட்சக் குளிர் - கொடைக்கானல், அதுவும் ஏப்ரலில்.

அப்படிப்பட்டவள் சில மாதங்களுக்கு முன்பு ஒரு நாள் இட்லிக்கு அரைத்துக்கொண்டே, "எங்க ஆபீஸ் ரிக்ரியேஷன் கிளப்புல இமயமலைக்கு டிரெக்கிங் கூட்டிட்டுப் போறாங்க. பிண்டாரின்னு ஒரு பனியாறு. நான் பேர் குடுத்துட்டேன்" என்றாள்.

பனியாறு என்றால்? மலைச்சரிவில் ஆறு மாதிரி மெல்ல மெல்ல இறங்கி வரும் பனிக்கட்டி. ரோடு முடிந்து, கடைசி கிராமமும் முடிந்து, அதற்கப்புறமும் காட்டிலும் பாறையிலும் நடந்தால்தான் அதன் அடிவாரம் வரும். போன் கிடையாது, டாக்டர் கிடையாது. எனக்கு முட்டி வலி. ஆகவே நான் கிடையாது.

"எதுக்கு உனக்கு இந்த வேலை?" என்று கேட்டேன்.

கிரைண்டரை நிறுத்தினாள். "கல்யாணம் ஆனதுலேர்ந்து எல்லாருக்கும் மூட்டை கட்டிக் குடுத்து ரயில் ஏத்தி விட்டிருக்கேன். உங்க டூர், நம்ம பொண்ணு காலேஜ், உங்க தம்பி துபாய்... எனக்குன்னு ஒரு தடவை மூட்டை கட்டிக்கறேனே."

யோசித்துப் பார்த்தால் நம் வீடுகள் பலவற்றிலும் இதுதான் வழக்கம். ஊறுகாய் பாட்டில் மூடியை மெழுகால் அடைப்பதிலிருந்து பெட்டிக்குக் கயிறு கட்டுவது வரை பெண்கள் செய்வார்கள். ஜன்னலோர சீட்டில் நாம் உட்காருவோம்.

அதற்கப்புறம் ஆரம்பித்தது ஏற்பாடு. குழுவை அழைத்துப் போகும் கைடு பிரபாகர், பல்லாவரத்துக்காரர். வருடா வருடம் பனிமலைக்கு ஆட்களைக் கூட்டிப்போய்ப் பத்திரமாகத் திருப்பிக் கொண்டுவருபவர். அதிகம் பேசமாட்டார். ஞாயிற்றுக்கிழமைகளில் விடிந்ததும் திரிசூலம் மலையில் எல்லாரையும் முதுகில் மூட்டையோடு ஏற்றி இறக்குவார். குழுவில் பெரும்பாலும் இளவட்டங்கள். பெண்கள் இரண்டே பேர் - விமலாவும், சேலையூர் ஸ்கூல் டீச்சர் மெர்சியும். காலையில் மலை, சாயங்காலம் சர்ச் என்று மெர்சி தன் ஞாயிற்றுக்கிழமையைப் பங்கு போட்டுக்கொண்டாள்.

மற்ற நாட்களில் விமலா தாம்பரம் ஸ்டேஷன் மேம்பாலப் படிகளில் ஏறி இறங்கினாள். முதுகுப் பையில் வீட்டுப் புழுங்கலரிசி. புது பூட்ஸ் காலுக்குப் பழக வேண்டுமாம் - அதனால் புடவைக்குக் கீழே அந்த பூட்ஸோடுதான் மார்க்கெட்டுக்கும் போனாள். ஒரு நாள் காய்கறிக்காரம்மா அதைக் கண்டுபிடித்துவிட்டார்.

"இன்னாம்மா, சோல்ஜர் கணக்கா ஷூ போட்டுகினு கீற?"

"மலைக்குப் போறேன்."

"எந்தக் கோயிலு?"

"கோயில் இல்லம்மா. ஐஸ் பாக்கப் போறேன்."

"ஐஸா? அத்தப் பாக்க அம்மாந்தூரம் போவணுமா? மீன் மார்க்கெட்டாண்ட வண்டி வண்டியா எறக்கறான், போய்ப் பாரு." சொல்லிவிட்டு, ஒரு கட்டு கொத்தமல்லியை இலவசமாகப் பையில் போட்டார்.

எதிர்வீட்டு ஜனார்த்தனம் சார் வேறு மாதிரி. விமானப் படையில் இருந்து ரிட்டயர் ஆனவர். வடக்கே பல வருடம் குளிரில் இருந்தவர். "பொம்பளைங்க போற இடமா சார் அது? மூச்சு முட்டும். தலை வலிக்கும். ராத்திரி பல்லு தந்தியடிக்கும்" என்று என்னைக் கேட்டுக்கு வெளியே நிறுத்திப் பயமுறுத்துவார். மறுநாள் காலை அவரே நாப்தலின் வாசனையோடு இரண்டு ஜோடி கம்பளி சாக்ஸைக் கொண்டுவந்து கொடுத்தார். "வேண்டாம்னுதான் சொல்றேன். போறதுன்னா இதப் போட்டுக்கிட்டுப் போங்க."

எல்லாம் நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. திரிசூலம் மலையிலிருந்து இறங்கும்போது, ஜல்லி உதிர்ந்து கிடந்த ஒரு சரிவில் விமலா வழுக்கி விழும் வரை.

இரண்டு பையன்கள் கைத்தாங்கலாக அழைத்து வந்தார்கள். கணுக்கால் பன் மாதிரி வீங்கியிருந்தது. எலும்பு டாக்டர் எக்ஸ்ரேயைத் தூக்கிப் பிடித்துப் பார்த்து, "முறிவு இல்ல, சுளுக்குதான். ஆனா ரெஸ்ட் எடுக்கணும்" என்றார். கிளம்ப இன்னும் சில வாரங்கள்தான் இருந்தன.

"இந்த வருஷம் வேண்டாம் விமலா. அடுத்த வருஷம் போயேன்" என்றேன். நல்ல யோசனைதானே?

தலையணை மேல் காலை நீட்டியபடி என்னைப் பார்த்தாள். "அடுத்த வருஷம்னு சொன்னது எதாவது ஒண்ணு நம்ம வீட்டுல நடந்திருக்கா?"

நினைத்துப் பார்த்தேன். ஒன்றும் ஞாபகம் வரவில்லை.

அன்று சாயங்காலம் பிரபாகர் வந்தார். காலைப் பார்த்தார். ஆறுதல் எதுவும் சொல்லவில்லை.

"மேடம், அங்க உங்க கால் பிசகினா நாலு பேர் தூக்கணும். அந்த நாலு பேரோட டிரெக்கும் போச்சு. எனக்கு உங்க ஆசையை விட குரூப் முக்கியம். கிளம்பறதுக்கு முந்தின ஞாயித்துக்கிழமை அதே மலை, அதே வெயிட். ஏறி இறங்கிக் காட்டுங்க. அப்புறம் சொல்றேன்."

"சரி சார்" என்றாள் விமலா.

அவர் போனதும் அழுவாள் என்று எதிர்பார்த்தேன். அவளோ ஐஸ் ஒத்தடத்துக்குத் துணி கேட்டாள்.

ரெஸ்ட் என்றால் அப்படி ஒரு ரெஸ்ட். எங்கள் கல்யாண வாழ்க்கையில் அவள் அத்தனை நாள் தொடர்ந்து உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. சமையல் நான். சாம்பார் என்ற பெயரில் நான் வைத்ததை, மறு வார்த்தை பேசாமல் சாப்பிட்டாள். உட்கார்ந்த இடத்திலேயே கிளவுஸ் போட்டு லேஸ் கட்டினாள், அவிழ்த்தாள். வீக்கம் வடிந்ததும் டாக்டரிடம் கேட்டுக்கொண்டு மெதுவாக மொட்டை மாடி, பிறகு தெரு, பிறகு பூட்ஸ், கடைசியாக அரிசி மூட்டை.

அந்த ஞாயிறும் வந்தது. நானும் போனேன் - தண்ணீர் பாட்டில் மட்டும் தூக்கிக்கொண்டு, முட்டியைத் திட்டிக்கொண்டே. ஏறுவதில் அவளுக்குக் கஷ்டமே இல்லை. உச்சியில் நின்றால் கீழே ஏரோப்ளேன்கள் தீப்பெட்டி அளவில் நிற்கின்றன, மின்சார ரயில் புழுவாக ஊர்ந்து போகிறது. பார்த்து ரசிக்கும் மனநிலையில் நான் இல்லை.

இறங்கும்போது அந்த ஜல்லிச் சரிவு வந்தது. விமலா நின்றுவிட்டாள்.

மெர்சி கையை நீட்டினாள். "அக்கா, புடிச்சுக்குங்க."

"கை குடுக்காதீங்க மெர்சி" என்றார் பிரபாகர், கீழே நின்றபடி.

எனக்குச் சுர்ரென்று கோபம் வந்தது. விமலா என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. உடம்பைப் பக்கவாட்டில் திருப்பினாள். கையிலிருந்த குச்சியை ஊன்றினாள். ஒரு காலை வைத்து, அது நிற்கிறதா என்று அழுத்திப் பார்த்து, அப்புறம்தான் அடுத்த காலை எடுத்தாள். ஜல்லி சரசரவென்று உருண்டது. அவள் உருளவில்லை. அவசரமும் படவில்லை. பின்னால் வந்த பையன்கள் காத்திருந்தார்கள் - காத்திருக்கட்டும் என்று இறங்கினாள்.

கீழே வந்ததும் ஒரு பாறையில் உட்கார்ந்து, தானே பூட்ஸைக் கழற்றிக் காலை நீட்டினாள். பிரபாகர் கணுக்காலை அமுக்கினார்.

"வலிக்குதா?"

இல்லை என்று சொல், இல்லை என்று சொல்... என்று மனசுக்குள் நான் எழுதிக் கொடுக்கிறேன். வேண்டாம் என்று சொல்லிக்கொண்டிருந்த அதே நான்.

"லேசா வலிக்குது சார்" என்றாள் விமலா.

பிரபாகர் கணுக்காலிலிருந்து கையை எடுத்தார். "வலி உங்க முகத்துலயே தெரிஞ்சுது மேடம். இல்லன்னு சொல்லியிருந்தீங்கன்னா விட்டுட்டுப் போயிருப்பேன். வலியை மறைக்கற ஆளை வச்சுக்கிட்டு அந்த மலையில நான் என்ன செய்ய?" எழுந்து கையைத் தட்டிக்கொண்டார். "வாங்க. ஆனா ஒரு கண்டிஷன். கடைசி நாள், பனி கிட்ட போறப்போ, நான் இங்கயே இருங்கன்னு சொன்னா இருக்கணும்."

"இருக்கேன். ஆனா காரணம் சொல்லணும்."

நான் பார்த்து பிரபாகர் சிரித்தது அன்று ஒரு தடவைதான்.

போன வாரம் சென்ட்ரலில் டெல்லி ரயில் ஏற்றிவிட்டு வந்தேன். ஜன்னலோர சீட் அவளுக்கு. பிளாட்பாரத்தில் நின்று "தண்ணி பாட்டில் இருக்கா? மாத்திரை எடுத்துக்கிட்டியா?" என்று கேட்டுக்கொண்டே ரயிலோடு கொஞ்ச தூரம் நடந்தது - நான். புது அனுபவம்.

முந்தாநாள் ஜனார்த்தனம் சார் வீட்டு போனுக்கு அவளிடமிருந்து அழைப்பு வந்தது. எங்கள் தெருவில் பாதிப் பேருக்கு அந்த நம்பர்தான். மலையடிவார ஊர் ஒன்றில், எஸ்.டி.டி. பூத்திலிருந்து பேசினாள். ஜனார்த்தனம் சார் குடும்பமே டி.வி. சத்தத்தைக் குறைத்துவிட்டு என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தது.

"கால் எப்படி இருக்கு?"

"கம்பளி சாக்ஸுக்குள்ள சௌக்கியமா இருக்கு. சார் கிட்ட சொல்லுங்க."

சொன்னேன். சார் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"பயமா இருக்கா?"

"இல்லங்க. பசிதான் பயங்கரமா எடுக்குது. நாளைக்கு நடக்க ஆரம்பிக்கறோம். திரும்பி வர்ற வரைக்கும் போன் கெடையாது. சாப்டீங்களான்னு கேக்க அதுவரைக்கும் ஆள் இல்ல. நீங்களே உங்களைக் கேட்டுக்குங்க."

வேளை தவறாமல் கேட்டுக்கொள்கிறேன். இதுவரை வந்த பதில் - தயிர்சாதம்.