அரைவழிக் கற்கள்

கணவாய்த் திருப்பத்தில் வெலிகா பஸ்ஸை நிறுத்துவாள். அங்கே நிறுத்தம் எதுவும் கிடையாது. முதுகில் மூட்டையோடு காட்டிலிருந்து இறங்கும் இரண்டு பேர் தார்ச்சாலையைக் கடந்து, எதிர்ப்பக்கப் புல்மேட்டில் ஏறி மறையும் வரைக்கும் ஸ்டியரிங்மேல் முழங்கையை ஊன்றிக்கொண்டு பார்ப்பாள். பின்சீட்டிலிருந்து யாராவது, "என்ன வெலிகா, சம்பந்தம் பேசப் போறியா? வண்டியை எடும்மா" என்பார்கள். அவள் திரும்பமாட்டாள். கியரைப் போட்டபடி தனக்குத்தானே சொல்லிக்கொள்வாள்: "இந்தப் பாதையில எனக்குத் தெரிஞ்சது ரோட்டு அகலம்தான்."

மூட்டையோடு வருகிறவர்கள் நடக்கும் அந்த மலைப்பாதை மேற்கே எல்லையோரம் கோம் சிகரத்தில் தொடங்கி, மலையின் முதுகெலும்பு மீதே நடந்து, எமினே முனையில் கருங்கடலில் முடிகிறது. கோமில் ஒரு கல்லைப் பொறுக்கிப் பையில் போட்டுக்கொண்டு கிளம்புவார்கள். கடலைப் பார்த்ததும் அதை அலையில் எறிவார்கள். நடந்தே கொண்டுபோன கல்லாக இருக்க வேண்டும், அதுதான் கணக்கு. எங்கள் ஷிப்கா கணவாய் ஏறக்குறைய நடுவழி. அங்கே நான் எருமைத் தயிரும் பொரித்த மாவு வளையங்களும் விற்கிறேன். கீழே இருக்கும் எங்கள் ஊர் காப்ரோவோவிலிருந்து மேலே வரும் முதல் பஸ் வெலிகாவுடையது. டிரைவருக்குப் பின்னால் இருக்கும் ஒற்றை சீட் என்னுடையது. அதில் வேறு யாராவது உட்கார்ந்தால் எனக்குக் கோபம் வரும், வெலிகாவுக்கும் வரும்.

பாதியில் விட்டுவிடுகிறவர்களை எனக்கு முகம் பார்த்தே தெரியும். கடை பெஞ்சில் உட்கார்ந்து பேசாமல் சாப்பிடுவார்கள். சாப்பிட்டு முடித்துக் கையைத் துடைத்துக்கொண்டு, "கீழ போற பஸ் எப்ப வரும்?" என்று கேட்பார்கள். கேட்கும்போது என் முகத்தைப் பார்க்கமாட்டார்கள். பஸ்ஸில் ஏறியதும் பையில் கிடக்கும் கல் உறுத்த ஆரம்பித்துவிடும்போல. சீட்டுக்கடியில் நைசாகப் போட்டுவிட்டு இறங்கிப் போய்விடுவார்கள். சாயங்காலம் பஸ்ஸைக் கூட்டும்போது வெலிகாவின் துடைப்பத்தில் அது வந்து மாட்டும்.

அந்தக் கற்களை அவள் வெளியே எறிந்ததில்லை. தன் இருக்கைக்குப் பின்னால் ஒரு ஊறுகாய் ஜாடியில் போட்டு வைப்பாள். "தூக்கிப் போட மனசு வரலடி செவ்தா. அவ்வளவு தூரம் சுமந்திருக்காங்க" என்பாள் என்னிடம். விட்டுவிட்டு வருகிறவர்களிடம் ஒரு வார்த்தை கேட்கமாட்டாள். ஈரமாக வந்தால் ஹீட்டரைக் கூட்டி வைப்பாள், அவ்வளவுதான். ஆனால் மேடு ஏறும்போதெல்லாம் பின்னாலிருந்து ஜாடி கலகலவென்று பேசிக்கொண்டே வரும்.

போன பனிக்காலத்தில் ஒரு நாள், தயிரைக் கரண்டியால் வெட்டிக்கொண்டே சொன்னாள்: "ஜூலைல லீவு கேட்டிருக்கேன். கோம்லேர்ந்து கடல் வரைக்கும்."

"பஸ்லயா?" என்றேன்.

"கால்ல."

நான் அவள் காலைப் பார்த்தேன். ஐம்பத்தாறு வயதுக் கால். வாழ்நாளெல்லாம் கிளட்ச் மிதித்த இடது முட்டி, படி இறங்கினாலே முனகும். மலையில் ஒரு ராத்திரி தங்கியவள்கூட இல்லை. எனக்குப் பொறுமை குறைவு, வாயில் வந்ததைக் கேட்டுவிட்டேன்: "உனக்கு என்ன பைத்தியமா?" அவள் மறுக்கவில்லை, இன்னொரு கிண்ணம் தயிர் கேட்டாள்.

மறுநாளிலிருந்து பயிற்சி. எங்கள் அடுக்குமாடியின் நிலவறையில் எல்லா வீட்டுக்கும் ஓர் அறை உண்டு. இலையுதிர் காலத்தில் தக்காளியும் குடைமிளகாய் விழுதும் வேகவைத்து, ஜாடியில் நிரப்பி, தகர மூடியின் விளிம்பைக் கைமெஷினால் மடக்கி அழுத்திவிடுவோம். அப்படி மூடினால் கத்தியால் குத்தித்தான் திறக்க முடியும். வெலிகா அந்த ஜாடிகளைப் பையில் அடுக்கிக்கொண்டு நிலவறையிலிருந்து மொட்டைமாடி வரை ஏறி இறங்கினாள். என் கதவைத் தாண்டும்போது கண்ணாடி முட்டும் சத்தம் கேட்கும், பின்னாலேயே மூச்சிரைப்பு கேட்கும்.

அவள் புருஷன் பென்சோ லிஃப்ட் மெக்கானிக். ஒரு நாள் என் வாசலில் நின்று புலம்பினான்: "நான் ஊருக்கே லிஃப்ட் ரிப்பேர் பண்றவன். என் பொண்டாட்டி படியில ஏறி இறங்கறா. என் லிஃப்ட் மேல அவளுக்கே நம்பிக்கை இல்லன்னு ஜனங்க சிரிக்குது. நீயாவது சொல்லேன்."

"சொல்லியாச்சு. தயிர்தான் தீர்ந்துச்சு" என்றேன்.

அவள் கடல்வரை போவாளா மாட்டாளா என்று டிப்போவில் பந்தயமே நடந்தது. தோற்றவர்கள் எல்லோருக்கும் சுட்ட இறைச்சியும் பீரும் வாங்கித் தர வேண்டும். பந்தயத்தை ஆரம்பித்தவன் மரின். வெலிகா லீவு எடுத்தால் அவள் பஸ்ஸை ஓட்டுகிறவன் அவன். கெட்டவன் இல்லை, ஆனால் நாக்குக்குப் பூட்டு கிடையாது. "கடல் வேணாம்க்கா, ஷிப்கா வரைக்கும் வா போதும். நம்ம பஸ் உனக்காகக் கதவைத் திறந்து வெச்சிருக்கும்" என்பான்.

ஜூன் மாதம் ஒத்திகைக்குப் போனாள். அதே பாதையில் உசானா புல்வெளியிலிருந்து கிளம்பி, ராத்திரி மலை விடுதியில் தங்கி, மறுநாள் ஷிப்கா கணவாயைத் தாண்டி அடுத்த விடுதி வரைக்கும் போக வேண்டும். பையைக் கட்டும்போது நானும் கூட இருந்தேன், எனக்கும் தப்பாகத் தோன்றவில்லை என்பதுதான் வேடிக்கை. குடைமிளகாய் விழுது ஜாடிகள், தகர டப்பா நிறைய ஆட்டுப் பாலாடைக்கட்டி, ஒரு மூட்டை தக்காளி, பென்சோ காய்ச்சின பிளம் சாராயம், விடுதிக்குள் போட்டுக்கொள்ள வீட்டுச் செருப்பு. "விடுதியில நாலு பேர் இருப்பாங்க. வெறுங்கையோட போய் நிக்கறதா?" என்றாள். எங்கள் ஊரில் யாரைக் கேட்டாலும் அதையேதான் சொல்லியிருப்பார்கள். மலைக்குப் போகிறவள் விருந்துக்குப் போகிற மாதிரி கிளம்பினாள்.

மறுநாள் மத்தியானம் காட்டிலிருந்து வெளியே வந்தாள். என் பெஞ்சில் உட்கார்ந்தாள். பையின் வார் அறுத்த இடத்தில் சட்டை தோளோடு ஒட்டியிருந்தது. சூடாக ஒரு தட்டு வைத்தேன். பேசாமல் சாப்பிட்டாள். கையைத் துடைத்தாள்.

"மரின் பஸ் எப்ப வரும்?" என்று கேட்டாள். என் முகத்தைப் பார்க்கவில்லை.

தினம் கேட்கிற கேள்விதான், நானும் தினம் பதில் சொல்கிறவள்தான். அன்று பஸ் வந்ததும் கடையை அண்ணன் மகளிடம் விட்டுவிட்டு நானும் அவளோடு ஏறிக்கொண்டேன்.

மரின் அவளைப் பார்த்ததும் கீழே குதித்தான். சாலையோரம் ஒரு கல்லைப் பொறுக்கி வந்து, ஜாடியைத் திறந்து, எல்லோரும் பார்க்க உள்ளே போட்டான். டங் என்றது. "உன் பங்கையும் சேத்தாச்சுக்கா." பஸ்ஸே சிரித்தது.

"வாயை வெச்சிக்கிட்டு சும்மா இருக்கமாட்டியாடா?" என்று நான் எழுந்துவிட்டேன். வெலிகா என் கையைப் பிடித்து உட்கார வைத்தாள். காப்ரோவோ வரும்வரை ஜன்னல் வழியாகவே பார்த்துக்கொண்டு வந்தாள். தன் பஸ்ஸில் பயணியாக அவள் உட்கார்ந்து நான் பார்த்தது அன்றுதான்.

அந்த வாரம் படிக்கட்டில் சத்தமில்லை. சரி, முடிந்தது என்று நினைத்தேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் என் சமையலறைத் தராசைக் கேட்டு வந்து நின்றாள்.

பிறகு எங்கள் ஊர்ப் புத்தி வேலை செய்தது. பூனை உள்ளே வந்ததும் வால் வரக் காத்திராமல் கதவைச் சாத்தி விறகை மிச்சம் பிடிக்க, அதன் வாலையே நறுக்கினவர்கள் என்று நாடே எங்களைக் கிண்டல் செய்யும். அந்தக் கஞ்சத்தனத்தை வெலிகா எடையில் காட்டினாள். ஜாடிகள் நிலவறைக்குத் திரும்பின. தக்காளி போயிற்று. சாராயம் ஒரு இருமல் மருந்துப் புட்டிக்குள் அடங்கிற்று. போர்வையின் ஓரத் தையலைக்கூடப் பிரித்து எடை பார்த்தாள். வீட்டுச் செருப்பை மட்டும் மூன்று தடவை வெளியே வைத்து மூன்று தடவை உள்ளே வைத்தாள். கடைசியில் அது பென்சோவின் காலுக்குப் போய்ச் சேர்ந்தது.

பென்சோவும் மாறினான், ஆனால் ஒத்துக்கொள்ளமாட்டான். பையின் தோள்வார்களை லிஃப்ட் பெல்ட் துண்டும் பஞ்சும் வைத்துத் திரும்பத் தைத்துக் கொடுத்தான். "போகச் சொல்லித் தைக்கல. புண்ணாகக் கூடாதுன்னு தைச்சேன். ரெண்டும் வேற வேற" என்றான்.

கிளம்புவதற்குக் கொஞ்ச நாள் முன்பு, காலை பஸ்ஸில் நாங்கள் இரண்டு பேர் மட்டும் இருந்தோம். கண்ணாடியில் என்னைப் பார்த்துக்கொண்டே பேசினாள். "பயம் இருக்குடி. கரடி கிரடி இல்ல. பாதியில உன் கடைக்கு வந்து நிப்பேன். முட்டி கழண்டு போயிருக்கும். அப்ப என் பஸ்ஸே வந்து என் முன்னாடி கதவைத் திறக்கும். மத்தவங்களுக்கு அது யாரோட பஸ்ஸோ. எனக்கு சீட்டுல என் உடம்பு பதிஞ்ச பள்ளமே இருக்கு. ஏறிட்டேன்னு வெச்சுக்கோ, ரிடையர் ஆகற வரைக்கும் தினம் என் கல்லை நானே ஏத்திக்கிட்டு ஓட்டணும்."

"வந்தா தயிர் தருவேன். பஸ் நேரம் சொல்லமாட்டேன்" என்றேன். அவள் சிரித்தாள். அப்போதுதான் எனக்கே தெரிந்தது, அவள் கடலைப் பார்க்க வேண்டுமென்று நான் எவ்வளவு ஆசைப்படுகிறேன் என்று.

நேற்று, லீவுக்கு முன்னால் அவளுடைய கடைசி ஷிஃப்ட். நானும் டிப்போ வரை கூடப் போயிருந்தேன்; அங்கே பஸ்ஸைக் கூட்டி முடித்தாள். சாவி வாங்க வந்த மரின், பழக்க தோஷத்தில் ஜாடியைத் தூக்கிக் குலுக்கினான். "பாதிதான் ரொம்பியிருக்குக்கா. உனக்கு இடம் இருக்கு."

வெலிகா அதை அவன் கையிலிருந்து வாங்கினாள். தன் சாப்பாட்டுப் பையிலிருந்து மூடி மடக்கும் மெஷினையும் புதுத் தகர மூடி ஒன்றையும் வெளியே எடுத்தாள். தக்காளி வேகவைக்கும் காலம் இன்னும் வரவில்லை, அதற்குள் மெஷின் எதற்கு என்று டிரைவர்கள் கூடிவிட்டார்கள். பஸ் படியில் உட்கார்ந்து, ஜாடியை முட்டிகளுக்கு நடுவே இடுக்கி, மூடியை வைத்து அழுத்திக் கைப்பிடியைச் சுற்ற ஆரம்பித்தாள்.

மரினின் முகம் தொங்கிவிட்டது. "அக்கா, நான் போட்ட கல்லு உள்ள இருக்கு. இரு, அதை எடுத்துடறேன்."

"இருக்கட்டும். அது என்னுதுதான். இனிமே இதுல எனக்கு இடமில்ல" என்றாள் வெலிகா.

தகரம் மடங்கும்வரை சுற்றினாள். விளிம்பைக் கட்டைவிரலால் தடவிப் பார்த்தாள். பிறகு, ஒழுகுகிறதா என்று பார்க்க நாங்கள் தக்காளி ஜாடியைக் கவிழ்ப்போமே, அதேபோல அதைத் தலைகீழாகக் கவிழ்த்து மரினின் ஸ்டியரிங் முன்னால் வைத்துவிட்டு, சாவியை அவன் கையில் கொடுத்தாள்.