வெள்ளைக் காருக்கு வைத்த பொட்டு

முத்துகிருஷ்ணனுக்கு ஒரு வியாதி உண்டு. ஆயுத பூஜை வந்துவிட்டால் கண்ணில் படும் இயந்திரம் எதையும் சும்மா விடமாட்டார். ஒரு கம்பெனியின் ஸ்டோர்ஸில் முப்பத்திரண்டு வருஷம் குப்பை கொட்டியவர். தராசு, ஏணி, ஸ்டேப்ளர் என்று எல்லாவற்றுக்கும் சந்தனமும் குங்குமமும் அங்கே அவர் கையால்தான். ரிடையரான பிறகு லேக் கார்டன்ஸ் குடியிருப்பின் தண்ணீர் மோட்டாருக்கும் லிஃப்ட் கதவுக்கும் அந்த யோகம் வந்தது. வங்காளி அண்டை வீட்டார் சிரித்துக்கொண்டே விட்டுவிட்டார்கள்.

2005ஆம் வருஷம் மாடிவீட்டு தபஸ் பாக்சி ஒரு வெள்ளைக் கார் வாங்கினார். வாங்கிய மறுவாரமே துர்கா பூஜை விடுமுறைக்குக் குடும்பத்தோடு பூரிக்குக் கிளம்பியும் விட்டார். குழந்தைகளைக் காரில் சாய்ந்து நிற்கக்கூட விடாத மனுஷன். அதே ஊரில் பெஹாலா பக்கம் இருக்கும் சொந்தத் தம்பிக்கும் சாவி தராதவர். அந்தச் சாவியை முத்துகிருஷ்ணன் கையில் கொடுத்து, ஒருநாள் விட்டு ஒருநாள் எஞ்சினை ஓடவிட்டுத் தூசி தட்டிவைக்கச் சொன்னார். முத்துகிருஷ்ணனுக்குத் தலைகால் புரியவில்லை.

நவமியன்று கை சும்மா இருக்குமா? பானட்டில் உள்ளங்கை அகலத்துக்குச் சந்தனம், நடுவே குங்குமம். விஜயதசமி முடியும்வரை பொட்டை அழிக்கக் கூடாது என்று அப்படியே விட்டார். தசமிக்கு மறுநாள் காலை போய்ப் பார்த்தால், இரண்டு ராத்திரிப் பனியில் குங்குமம் கரைந்து வழிந்து, புது வெள்ளை பெயிண்டில் சிவப்பாகக் காய்ந்துகிடந்தது. பாக்சி அடுத்த நாள் காலை வந்துவிடுவார். இனி அவர் முகத்தில் எப்படி விழிப்பது?

நகத்தால் சுரண்டப் போனவரை மனைவி சௌந்தரம் தடுத்தாள். "தோசைக்கல்ல காஞ்சதையே நான் ஊறவெச்சுதான் எடுக்கறேன். மொதல்ல ஈரத்துணிய போடுங்க."

ஊறியதும் சந்தனம் வந்துவிட்டது. சிவப்பு மட்டும் போகவில்லை. டிக்கியைத் திறந்தால், பாக்சியின் மைத்துனர் அமெரிக்காவிலிருந்து கொண்டுவந்த இரண்டு பாட்டில்கள் இருந்தன. ஒன்று ஸ்ப்ரே வாக்ஸ், மற்றது குயிக் டீடெய்லர். வாக்ஸ் பளபளப்பு தரும், பெயிண்டுக்குக் காப்பாக இருக்கும் என்று போட்டிருந்தது. டீடெய்லர், படிந்த தூசியையும் லேசான கறையையும் வழுக்கி எடுக்குமாம். பளபளப்பில் கறை தெரியாமல் போய்விடாதா என்று அவர் கை முதலில் வாக்ஸுக்குத்தான் போனது. துருவின் மேலேயே பெயிண்ட் அடித்து வந்த சாமான்களை ஸ்டோர்ஸில் எத்தனை தடவை திருப்பி அனுப்பியிருக்கிறார்! அந்த வேலையைத் தானே செய்வதா? வாக்ஸை உள்ளே வைத்தார்.

வெயிலில் அடிக்கக் கூடாது என்று லேபிளில் இருந்ததால், வண்டிமேல் நிழல் விழும்வரை காத்திருந்தார். முதலில் கதவின் கீழ்விளிம்பில் சோதனை பார்த்தார். பிறகு பழைய வேட்டித் துணியை மடித்து, அழுத்தாமல் துடைத்து, ஒவ்வொரு தடவையும் புது மடிப்புக்கு மாற்றினார். துணியில் சிவப்பு ஏறியது, பானட்டில் குறைந்தது. பாதி பாட்டில் காலியான நேரத்தில் வண்டி வெள்ளையாக நின்றது. போன உயிர் திரும்பி வந்தது அவருக்கு.

மறுநாள் பாக்சி வண்டியைச் சுற்றி வந்தார், டிக்கியைத் திறந்தார், பாட்டிலைத் தூக்கிப் பார்த்தார்.

"முத்துதா, தூசி தட்டவா பாதி பாட்டில்?" என்று வங்காளத்தில் கேட்டார். அங்கே 'தா', 'தாதா' என்றால் அண்ணன்.

பொய் சொல்ல முத்துகிருஷ்ணனுக்கு வரவில்லை. பொட்டு, பனி, கறை எல்லாவற்றையும் தலையைக் குனிந்தபடியே ஒப்பித்துவிட்டுச் சாவியை நீட்டினார்.

பாக்சி வாங்கிக்கொள்ளாமல் மனைவியைக் கூப்பிட்டார். புது வண்டிக்குப் பூஜை போடாமல் வந்துவிட்டோமே என்று பூரியில் ஐந்து நாளும் அவரைத் தூங்கவிடவில்லையாம் அந்த அம்மாள். விஷயம் தெரிந்ததும் கையெடுத்துக் கும்பிட்டாள்.

"நவமி அன்னிக்கே பூஜை ஆயிடுச்சா? அப்புறம் ஏன் தாதா அழிச்சீங்க?"

"இனிமே மொதல்ல வாக்ஸ், அதுக்கப்புறம் பொட்டு. அதுவும் கண்ணாடியில மட்டும்" என்றார் பாக்சி. சாவி முத்துதாவிடமே இருக்கட்டும் என்றும் சொல்லிவிட்டார்.

முத்துகிருஷ்ணன் வீட்டுக்கு நடந்து வரவில்லை, மிதந்து வந்தார். சாவியை சாமி அலமாரியில் வைப்பதைப் பார்த்த சௌந்தரம், "அதுக்கும் குங்குமம் வெச்சுடாதீங்க" என்றாள்.

அவர் ஏற்கெனவே வைத்துவிட்டிருந்தார்.