துரை சாயலில் ஒரு பிள்ளை

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளில் நான் பேரையூரில் பத்திரிகை நிருபர். பக்கத்து வீட்டு ராமுத்தாயிக்கு வெள்ளை முடியும் வெளிறிய தோலுமாகப் பிள்ளை பிறந்தது. சொந்தத் தாய்மாமனைக் கட்டியவள் அவள். "எந்த வெள்ளைக்காரத் துரைக்குப் பெத்தடி?" என்று அவன் அவளைத் துரத்தினான். ஊரும் ஆமாம் போட்டது.

மதுரையிலிருந்து வந்திருந்த டாக்டரம்மா அவனைக் கூப்பிட்டுச் சொன்னார்: "தாய், தகப்பன் ரெண்டு பேர்கிட்டயும் இந்தக் குறை மறைஞ்சு இருந்தாத்தான் பிள்ளை இப்படிப் பிறக்கும். ஒரே குடும்பத்துல கட்டுனா அது சேருறது சுலபம். பாதி உன்கிட்ட இருந்து வந்ததுப்பா."

அவன் துள்ளினான். "எங்கிட்ட இருந்தா? அதுக்கு என்ன சாட்சி டாக்டரம்மா?"

ராமுத்தாயி நிமிர்ந்தாள். "என்னைத் துரத்துறப்ப எந்தச் சாட்சியக் கேட்டீக மாமா?"

மாலையில் அவன் அவளைத் திரும்ப அழைத்துக்கொண்டான். ஒரு வார்த்தை மன்னிப்பு கேட்கவில்லை. ஊர் அதை அவனுடைய பெருந்தன்மை என்றது.

அந்தச் சொல்லை அதன்பிறகு எந்தச் செய்தியிலும் நான் எழுதியதில்லை.