மெரேயானாவின் கண்ணை அளந்த கதை

மெரேயானாவின் இடது கண் ஒரே வருஷத்தில் மோசமாகி, பிறகு தேறி, மறுபடி மோசமாகிவிட்டது. அவளுக்கு எந்த வித்தியாசமும் தெரியவில்லை. எல்லாம் கிளினிக்கின் இயந்திரங்கள் சொன்ன சேதி.

ஓபோட்டிகி என்ற சிற்றூரில் பள்ளிப் பேருந்து ஓட்டுபவள் அவள். பள்ளி முடித்த வயதில் கருவிழி கூம்பாகப் பிதுங்கும் நோய் வந்தது. மாமன் மகனுக்கும் உண்டு, எதிர்வீட்டு இரட்டையரில் ஒருத்திக்கும் உண்டு. அந்தப் பக்கத்து மவோரிப் பழங்குடிக் குடும்பங்களில் யாரும் அதைக் கேட்டு வாயைப் பிளப்பதில்லை. கருவிழிமேல் வைக்கும் கெட்டி லென்ஸைப் போட்டால் சாலை பளிச்சென்று தெரியும். கழற்றினால் விளக்குக் கம்பத்துக்கு நாலு தலை முளைக்கும்.

கூம்பு வளர்ந்தால் மருந்து சொட்டி, புற ஊதா ஒளி காட்டி, கருவிழியை இறுக்க வேண்டும். வளராவிட்டால் தொடக் கூடாது. வளர்கிறதா என்று தெரிந்துகொள்ளத்தான் அவள் மணிக்கணக்காகப் பயணம் செய்து நகரத்துக்குப் போய்வந்தாள்.

"வளந்திருக்கு. சிகிச்சை பண்ணிடலாம்" என்றார் டாக்டர் ஃபர்னெல்.

"போன தடவை தட்டையாயிடுச்சுன்னு சொன்னீங்களே!"

"அது வேற மெஷின்."

"கண்ணு ஒண்ணுதானே டாக்டர்?"

கண்ணை அளக்கும் இயந்திரத்தை இயக்கும் மெலே என்ற தொங்கா நாட்டுப் பெண் மெல்லக் கேட்டாள்: "லென்ஸை எப்போ கழட்டினீங்க?"

"இப்பத்தான், கார் நிறுத்துற இடத்துல. பின்னே, கழட்டிட்டு எப்படி ஓட்டிட்டு வர்றது?"

மெலே உதட்டைக் கடித்தாள். லென்ஸ் கருவிழியை அமுக்கி வடிவத்தையே மாற்றிவிடுமாம். ரெண்டு வாரமாவது கழற்றி வைத்திருந்தால்தான் அளவு சரியாக வருமாம். இத்தனை வருஷத்தில் கிளினிக்கில் ஒருவர் முந்தின நாள் கழற்று என்றிருக்கிறார், இன்னொருவர் ஒன்றுமே சொன்னதில்லை.

"ரெண்டு வாரம் பஸ்ஸ யாரு ஓட்டுவா? நீங்களா?" என்று டாக்டரைக் கேட்டுவிட்டு மெரேயானா வெளியே வந்தாள்.

ஆனாலும் விடுப்புப் போட்டாள். குருட்டாம்போக்கில் ரொட்டியைப் பொரித்துக் கரியாக்கினாள். "அக்கா, இது ரொட்டியா, டயரா?" என்றான் தம்பி பிரிபி. "வாய மூடிட்டுத் தின்னு. நாளைக்கு நீதான் கார் ஓட்டணும்" என்றாள்.

மறுநாள் கிளினிக்கில் மெலே அளந்தாள். அளந்து முடித்தும் மெரேயானா மெஷினின் தாங்கியிலிருந்து தாடையை எடுக்கவில்லை. "இன்னொரு தடவை எடும்மா." எடுத்தாள். "இன்னும் ஒண்ணு." மூன்று முறையும் மூன்று அளவு. 'வளர்ந்துவிட்டது' என்று அவளைப் பயமுறுத்திய வித்தியாசத்தைவிட இந்த மூன்றுக்குள் இருந்த வித்தியாசம் பெரியது.

டாக்டர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். "கூம்பு இவ்வளவு செங்குத்தா இருந்தா மெஷினே தடுமாறும். அந்தத் தடுமாற்றத்தைத் தாண்டி அளவு ஏறினாத்தான் வளந்ததுன்னு நம்பணும்."

"அப்ப, நான் வருஷம் பூரா தூங்காமக் கெடந்தது எதுக்கு?"

டாக்டர் மன்னிப்புக் கேட்டார். அது அவளுக்குப் போதவில்லை.

அதன்பின் ஒரே இயந்திரம், லென்ஸ் இல்லாத கண், மும்முறை அளந்து சராசரி என்று ஏற்பாடாயிற்று. பள்ளி விடுமுறையாகப் பார்த்துப் போனாள். இரண்டாவது விடுமுறையில் வலது கண்ணின் அளவு அசையாமல் இருந்தது. இடது கண்ணின் அளவு நிஜமாகவே ஏறியிருந்தது, சந்தேகத்துக்கு இடமில்லை. இந்த முறை அவள் சண்டை பிடிக்கவில்லை. சிகிச்சை முடிந்து, கண்ணில் மணலை அள்ளிக் கொட்டியதுபோன்ற வலியோடு இருட்டறையில் படுத்துக் கிடந்தாள். பிரிபி பன்றி எலும்பும் கீரையும் வேகவைத்துக் கொண்டுவந்து வைத்தான்.

ஒரு மாதம் கழித்து மெலே அளந்தபோது எண் இன்னும் கூடியிருந்தது.

"பயப்படாதீங்க, இறுக்கின புதுசுல அப்படித்தான் காட்டும். அப்புறம் எறங்கும்" என்றாள் மெலே.

மெரேயானா அவளை உற்றுப் பார்த்தாள். "உங்க மெஷினைத் தூக்கிக் கடல்ல போடுங்கடீ!" என்றாள்.

மெலே சிரித்துவிட்டாள். கோபம் தீராமலே மெரேயானாவும் சிரித்தாள். எண் இறங்கி ஓரிடத்தில் நின்றபோது அவள் மறுபடி பேருந்து ஓட்டத் தொடங்கியிருந்தாள்.