நான் போடாத ஸ்விட்ச்

என் கணவரின் தங்கை எங்கள் வீட்டில் ஒன்றரை வருடம் இருந்தாள். அவளைக் கட்டிக்கொடுத்த ஊர் பரளச்சி. புருஷன் குடித்துவிட்டு வந்து அடிப்பதைப் பல வருடம் பொறுத்துப் பார்த்தவள், ஒருநாள் ஒரே ஒரு பையோடு பஸ் ஏறி அருப்புக்கோட்டைக்கு வந்துவிட்டாள். பிள்ளை இல்லை. என்னைவிட இரண்டு வயது மூத்தவள். இருந்தாலும் அண்ணன் பெண்டாட்டி என்பதால் என்னை மதினி என்றுதான் கூப்பிடுவாள். சும்மா உட்கார்ந்து சாப்பிட அவளுக்குக் கூச்சம். வந்த மாதமே பாலவனத்தம் போகிற ரோட்டில் ஒரு நூல் மில்லில் வேலைக்குச் சேர்ந்தாள்.

பெரும்பாலும் ராத்திரி ஷிப்டு. காலை ஆறரைக்கு மில் வேன் தெருமுனையில் இறக்கிவிடும். தலை, புருவம், காது மடல் எல்லாம் பஞ்சு ஒட்டியிருக்கும். அவளுக்கு இளைப்பு வேறு உண்டு. பச்சைத் தண்ணீர் ஆகாது, வெந்நீரில்தான் குளிக்க வேண்டும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். அதனால் வந்ததும் நேரே குளியலறைக்குப் போய்விடுவாள். பஞ்சு போகத் தலையை அலசி அலசிக் குளிக்க இருபது நிமிடம் ஆகும்.

அதற்குப் பிறகுதான் என் இரண்டு பெண்களும் பள்ளிக்கூடத்துக்குக் கிளம்பக் குளிக்க வேண்டும். மார்கழிக் குளிரில் மூத்தவள் உள்ளே போய்க் குழாயைத் திறந்தால் வெதுவெதுப்பாக வரும். இளையவள் போகும்போது அதுவும் இருக்காது.

"அம்மா, அத்தை எல்லாத்தையும் ஊத்திட்டாங்க!" என்று உள்ளேயிருந்து கத்துவாள்.

எங்களுடையது இருபத்தைந்து லிட்டர் ஹீட்டர். நானும் என்னென்னவோ செய்து பார்த்தேன். சூட்டுக் குமிழைக் கடைசி வரை திருகி வைத்தேன். ஐந்து மணிக்கே எழுந்து ஸ்விட்ச் போட்டேன். குழாயைக் கொஞ்சமாகத் திறந்து பிடியுங்கள் என்று எல்லாரிடமும் சொன்னேன். ஒரு வாளிக்கு மேல் சூடாக வரவில்லை. அந்த ஒரு வாளியும் யாருக்குப் போகிறது என்பது மட்டும் எனக்கு உறுத்திக்கொண்டே இருந்தது.

இளையவளுக்குச் சளி பிடித்திருந்த ஒரு காலையில் பொறுமை போய்விட்டது. குளியலறைக் கதவைத் தட்டினேன்.

"ஒரு வாளியோட நிறுத்திக்கம்மா. பிள்ளைகளுக்கும் வேணும்ல."

உள்ளே தண்ணீர் மொள்ளும் சத்தம் நின்றது.

"சரி மதினி" என்றாள்.

சற்று நேரத்தில் வெளியே வந்தாள். காதுக்குப் பின்னால் பஞ்சு அப்படியே ஒட்டியிருந்தது. என் பெண்கள் இருவரும் துண்டோடு நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அதோடு நான் விட்டிருக்கலாம். விடவில்லை. ஹீட்டர் ஸ்விட்ச் குளியலறைக்கு வெளியே, சமையலறைச் சுவரில் இருந்தது. மறுநாளிலிருந்து அவள் குளித்து முடிக்கும் வரை நான் அதைப் போடவில்லை. அவள் கதவைத் திறந்து வந்த பிறகு, ஞாபகம் வந்தவள்போல் போய்ப் போடுவேன். இரண்டு மாதம் இப்படிச் செய்தேன். அவள் ஒன்றும் கேட்கவில்லை. பகலில் தூங்கும்போது இருமுவாள், நெஞ்சு இழுக்கும் சத்தம் கூடம் வரை கேட்கும். மில் தூசி என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

இத்தனைக்கும் பிள்ளைகளுக்கு அப்போதும் ஒரு வாளிதான் சூடாக வந்தது. அரை மணி நேரத்தில் எவ்வளவுதான் சூடாகும் என்று நினைத்துக்கொண்டேன். சனி ராத்திரி மில் லீவு என்பதால் ஞாயிற்றுக்கிழமைகளில் அவள் மதியம் வரை குளியலறைப் பக்கமே வரமாட்டாள். காலை முழுக்க ஹீட்டர் ஓடியும் அன்றைக்கும் ஒரு வாளிதான். அது என் கண்ணில் படாமல் இல்லை. நின்று யோசிக்க எனக்கு மனம் வரவில்லை.

பங்குனியில் அவள் சொன்னாள்: "மில்லுக்குப் பக்கத்துல ரூமு பாத்திருக்கேன் மதினி. கூட வேலை பாக்குற அக்கா ஒருத்தவுக இருக்காக. வாடகையப் பாதிப் பாதி போட்டுக்கலாம்னு சொல்றாக."

அவள் அண்ணன் வேண்டாம் என்று எவ்வளவோ சொல்லிப் பார்த்தார். நானும் வாயளவில் சொன்னேன்.

அடுத்த கார்த்திகையில் மழை பிடித்தது. மறுபடி ஹீட்டர் போட்டோம். மறுபடியும் ஒரு வாளிதான். இப்போது குறை சொல்ல வீட்டில் ஆள் இல்லை. எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டேன். அவர் ஹீட்டரைக் கழற்றிக் கவிழ்த்ததும் அடியிலிருந்து வெள்ளை வெள்ளையாகச் சுண்ணாம்புக் கட்டி கொட்டியது. அரை வாளி இருக்கும். உள்ளே இருந்த சூடாக்கும் கம்பி தெரியவே இல்லை, அவ்வளவு உப்பு அப்பியிருந்தது.

"இந்த ஊரு போர் தண்ணிக்கு வருஷம் ஒருக்கா கழத்திச் சுத்தம் பண்ணணும்க்கா" என்றவர், ஒரு குழாயை எடுத்துக் காட்டினார். "வெந்நி மேலதான் நிக்கும். இந்தக் குழா மேல இருந்து எடுத்துக் கீழ கொண்டாரணும். இது அடியில அரிச்சு ஒடிஞ்சு கெடக்கு. அதான் உள்ள வர்ற பச்சத்தண்ணியவே இழுத்து வெளிய விடுது. யாரு குளிச்சாலும் ஒரு வாளிதான் வரும்."

"எத்தனை நாளா இப்படி இருந்திருக்கும்?"

"உப்பப் பாத்தா மூணு வருஷத்துக்குக் கொறையாது."

அவள் எங்கள் வீட்டுக்கு வந்தே மூன்று வருடம் ஆகியிருக்கவில்லை.

குழாயை மாற்றி மாட்டிவிட்டுப் போனார். மறுநாள் விளாவிக் குளிக்க மூன்று வாளிக்கு வெந்நீர் வந்தது. பிள்ளைகள் ஆடிப்பாடிக் குளித்தார்கள். நான் ஒரு செம்பு மொண்டு ஊற்றிவிட்டு, மேற்கொண்டு குளிக்க முடியாமல் வந்துவிட்டேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை பஸ் ஏறி அவளைப் பார்க்கப் போனேன். ஒற்றை அறை. கூட இருந்த அக்கா கடைக்குப் போயிருந்தார். அவள் டீ போட்டுக் கொடுத்தாள். ஹீட்டரைக் கழற்றிய கதையைச் சொன்னேன். பிறகு, ஸ்விட்ச் போடாமல் விட்டதையும் சொன்னேன்.

"தெரியும் மதினி" என்றாள். "போட்டா செவப்பு லைட்டு எரியும்ல. குளிக்கப் போகயில அது எரியல. வெளிய வந்தப்புறம் எரியுது."

"ஏன் கேக்கல?"

"கேட்டா அண்ணனுக்குத் தெரியும். உங்களுக்குள்ள சண்டை வரும். என்னால வந்ததுன்னு ஆகும். அப்ப எனக்குப் போறதுக்கு வேற எடமும் இல்ல."

கோபமாகச் சொல்லவில்லை. கோபப்பட்டிருந்தால் எனக்கு அழுகையாவது வந்திருக்கும்.

"திரும்பி வந்துரு" என்றேன்.

"வாரேன் மதினி, நல்ல நாளு பொழுதுக்கு" என்றாள்.

சொன்னபடி பொங்கலுக்கு வந்தாள். தீபாவளிக்கு வந்தாள். பிள்ளைகளுக்கு உடுப்பு எடுத்து வந்தாள். சாயந்திரப் பஸ்ஸுக்கே திரும்பிவிட்டாள்.

என் கணவரிடம் இன்றுவரை நான் எதையும் சொல்லவில்லை. சொந்தக்காரர்கள் யாராவது தங்கச்சி ஏன் தனியாக இருக்கிறது என்று கேட்டால், "மில்லு பக்கமா இருக்கணும்னு அவளாப் போயிட்டா" என்கிறார். பக்கத்தில் நின்று நானும் ஆமாம் என்கிறேன்.