யங் வீதி எங்கே முடிகிறது

1. ஒரு புள்ளி

ஜெர்மனியின் எசன் நகரில், தமிழ்ப் பெற்றோர் சங்கமொன்று வாடகைக்கு எடுத்திருந்த மண்டபத்தில், ஒரு சனிக்கிழமை பிற்பகல், என் அம்மாவுக்குப் பழக்கமான வதனி அக்காவும் அவருடைய மகள் அபியும் ஒரே ஒரு புள்ளியால் தோற்றார்கள். அவர்களைத் தோற்கடித்தது நான் எழுதிய ஒரு கேள்வி. போட்டி நடுவரும் நானே.

பான் நகரில் வினாடிவினா அட்டைகள் தயாரிக்கும் ஒரு சிறு பதிப்பகத்தில் ஏழு ஆண்டுகளாகக் கேள்வி ஆசிரியராகப் பணியாற்றுகிறேன். புதிதாக வேலைக்கு வருவோர், சுவையான கேள்விகளை எங்கே தேடுவது என்று என்னிடம் கேட்பதுண்டு. தேடுவது எளிது. கிடைத்த பின் என்ன செய்ய வேண்டும் என்பதற்காக இதை எழுதுகிறேன்.

2. ஏழு உறவினர்கள்

வேலைக்குச் சேர்ந்த முதல் நாள் எங்கள் ஆசிரியர் குழுவின் தலைவி ஹெல்விக் அம்மையார் ஒரு விதியை மட்டும் சொன்னார். அவர் ஜெர்மன் மொழியில் சொன்னதைத் தமிழில் தருகிறேன்: "ஒவ்வொரு கேள்விக்கும் இரண்டு ஆதாரம் வேண்டும். ஒன்றைப் பார்த்து மற்றது எழுதப்பட்டிருக்கக் கூடாது. இல்லையென்றால், எவ்வளவு அழகான கேள்வியாக இருந்தாலும் குப்பைக்குப் போகும்."

எனது புரோபசைற், அதாவது தகுதிகாண் காலம், ஆறு மாதம். நான்காம் மாதத்தில் ஓர் ஆற்றின் நீளத்தைப் பிழையாக எழுதினேன். அது அச்சாகியும் விட்டது. ஹெல்விக் அம்மையார் குரலை உயர்த்தவில்லை. "இன்னொரு பிழை வந்தால் நாம் உட்கார்ந்து பேச வேண்டியிருக்கும்" என்றார். இந்த நாட்டு அலுவலகங்களில் அந்த வாக்கியத்துக்கு என்ன பொருள் என்பதை அம்மாவுக்கு விளக்கினேன். அம்மா அதை எசன் முழுவதற்கும் விளக்கிவிட்டார்.

ஐந்தாம் மாதத்தில்தான் பெற்றோர் சங்கத்தின் வேலை வந்தது. கனடாவின் நகரங்கள் பற்றி ஐம்பது கேள்விகள், தமிழிலும் ஜெர்மனிலும். ஒரு குடும்பத்திலிருந்து இருவர் சேர்ந்து ஓர் அணி. வெல்லும் அணிக்கு ரொறன்ரோ சென்றுவர இரண்டு விமானச் சீட்டுகள். எசனில் எந்த வீட்டைத் தட்டினாலும் கனடாவில் ஒருவர் இருப்பார் என்பதால் அந்தப் பரிசுக்கு மதிப்பு அதிகம்.

சங்கத் தலைவர் ராசன் அண்ணை தொலைபேசியில் சொன்னார்: "பிள்ளை, சோதினை மாதிரிப் போட்டிடாதையும். சனம் சிரிக்கவும் வேணும், அட அப்பிடியோ எண்டு கேக்கவும் வேணும்."

அந்த நாட்டில் அதற்குப் பஞ்சமில்லை. வடக்கே சர்ச்சில் என்ற ஊரில், துருவக் கரடியிடம் அகப்படுபவர் ஓடி ஏறிக்கொள்ளட்டும் என்று கார்க் கதவுகளைப் பூட்டாமல் விடுகிறார்கள். இன்று கிச்னர் எனப்படும் நகரத்துக்கு முதல் உலகப் போர்க் காலம் வரை பெர்லின் என்று பெயர். ஒட்டாவாவில் குளிர்காலத்தில் கால்வாய் உறைந்ததும் அதன்மேல் சறுக்கிக்கொண்டு வேலைக்குப் போகிறவர்கள் உண்டு. இவை ஒவ்வொன்றுக்கும் ஒழுங்காக இரண்டு ஆதாரம் வைத்தேன்.

முப்பத்தோராம் கேள்வி, சரியா பிழையா என்ற வகை: ரொறன்ரோவில் தொடங்கும் யங் வீதியே உலகின் மிக நீளமான வீதி. ஒரு பழைய தகவல் நூலில் அப்படி இருந்தது. இரண்டாவது ஆதாரத்துக்கு எங்கள் குடும்ப வட்ஸ்அப் குழுவில் கேட்டேன். ரொறன்ரோ மாமா, வீதியின் நடைபாதையில் பதித்திருந்த உலோக வரைபடத்தின் மேல் தாம் நிற்கும் படத்தை அனுப்பினார். சிறிது நேரத்தில் பிரம்டனிலிருந்தும் மொன்றியலிலிருந்தும் ஆறு பேர் "ஓம், உண்மை" என்று எழுதினார்கள். ஆதாரப் பத்தியில், "நேரடித் தகவல், ஏழு பேர்" என்று எழுதினேன். எனக்கு அது பெருமையாகவும் இருந்தது.

3. தேநீர் மேசை

அந்தக் கேள்விக்கு மற்ற எல்லா அணிகளும் 'சரி' என்பதற்கான பச்சை அட்டையை உயர்த்தின. வதனி அக்காவின் அணி மட்டும் சிவப்பு. "விடை, சரி" என்று நான் வாசித்தபோது அபி ஏதோ சொல்ல எழுந்தாள். தாய் அவளுடைய கையைப் பிடித்து இருத்தியதைக் கண்டேன். பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. இறுதியில் டோர்ட்முண்டிலிருந்து வந்த ஒரு தகப்பனும் மகனும் ஒரு புள்ளி முன்னே நின்றார்கள்.

எங்கள் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. கடைசிக் கேள்விக்கும் நடுவரின் கையெழுத்துக்கும் இடையே கால் மணி நேரம் விட வேண்டும். ஆட்சேபம் உள்ளவர் அதற்கான படிவத்தை நிரப்பி நடுவரிடம் தரலாம். கையெழுத்து விழுந்த பின் முடிவு மாறாது. அன்று ஒருவரும் வரவில்லை.

புள்ளிகளைக் கணினியில் பதிந்துகொண்டிருந்தவர் எங்கள் மென்பொருள் பொறியாளர் கார்த்திக், கோயம்புத்தூர்க்காரர். "துஷி, ஒரு அப்ஜெக்ஷன்கூட இல்ல. இந்த மாதிரி கிளீன் ஷீட் நான் பார்த்ததே இல்லங்க. சைன் பண்ணுங்க, லாக் பண்ணிடறேன்" என்றார்.

"ஒரு தேத்தண்ணி குடிச்சிட்டு வாறன்" என்று எழுந்தேன்.

தேநீர் மேசைக்கு அருகே, எனக்கு முதுகு காட்டியபடி தாயும் மகளும் நின்றார்கள். அபியின் கையில் நிரப்பிய படிவம் இருந்தது.

"எழுதியாச்சு. குடுத்திட்டு ஓடி வாறன்."

"வேண்டாம் எண்டு சொன்னனான். ஆர் போட்டது எண்டு கேள்வி அட்டைக்குப் பின்னால பேர் கிடக்கு. அந்தப் பிள்ளை புரோபசைற்றில நிக்குது. இன்னொரு பிழை வந்தா அனுப்பிப் போடுவாங்களாம் எண்டு தாய் கடையில வைச்சு அழாத குறை."

"அப்ப ரொறன்ரோவில இருக்கிற சித்தி? பதினொரு வருசமாப் பாக்கேல்லை எண்டு நீங்கள்தானே ஒவ்வொரு நாளும் சொல்லுறது?"

"தங்கச்சி எங்கை போகப்போறாள்? அங்கைதான் இருப்பாள். வேலை போனா வேலை வராது."

நான் முன்னே போனேன். "அக்கா, அந்தக் கேள்வி பிழையோ?"

அவர் திடுக்கிட்டார். "இல்லைப் பிள்ளை, வலு நல்ல கேள்வி. நீர் தேத்தண்ணியைக் குடியும்."

அபி விடவில்லை. "சித்தி அந்த ரோட்டிலதான் ஸ்கூல் பஸ் ஓடுறவ. வடக்காலை போகப் போக யங் எண்ட பேர் முடிஞ்சிடுமாம். அதுக்கு அங்கால பதினோராம் நம்பர் ஹைவே. ரெண்டையும் கூட்டித்தானாம் நீளக் கணக்கு."

4. கையெழுத்து

நிலப்படத்தைக் கைபேசியில் திறந்தேன். அபி சொன்னபடியே இருந்தது. நான் வைத்திருந்த தகவல் நூலின் பிந்திய பதிப்பில் அந்தச் செய்தியே இல்லை. குடும்பக் குழுவையும் மறுபடி பார்த்தேன். ஆறு பேரும் மாமாவின் படத்துக்குக் கீழேதான் "உண்மை" என்று எழுதியிருந்தார்கள். எவரும் அந்த வீதியின் மறுமுனைக்குப் போனவரல்லர்.

அப்போது என் மனதில் ஓடியதை மறைக்க விரும்பவில்லை. படிவம் என்னிடம் தரப்படவில்லை. தரப்படாத ஆட்சேபத்தைக் கவனிக்கும் கடமை நடுவருக்கு இல்லை. கையெழுத்திட்டால் விதிப்படி நான் குற்றமற்றவள். வதனி அக்கா அதைத்தான் எனக்குத் தந்துகொண்டிருந்தார்.

அபியிடம் கை நீட்டினேன்.

"உமக்கென்ன விசரே, வேலையை விடப் போறீரே?" என்றார் வதனி அக்கா, மெதுவாக.

"தெரிஞ்சுகொண்டு கையெழுத்துப் போட எனக்கு ஏலாது அக்கா."

மேடையேறி, முப்பத்தோராம் கேள்விக்கான விடை பிழை என்றும், பிழை என்னுடையது என்றும் அறிவித்தேன். டோர்ட்முண்ட் அணி ஒரு புள்ளி இழந்தது. வதனி அக்காவின் அணி ஒன்று பெற்றது. அந்தத் தகப்பன் எழுந்து, "நாங்கள் ரொறன்ரோவில இருக்கிற மச்சானிட்ட விசாரிச்சு வந்தனாங்கள், பிள்ளை" என்றார்.

"நான் மாமாவிட்ட விசாரிச்சனான் அண்ணை" என்றேன். மண்டபம் சிரித்தது. அவர் சிரிக்கவில்லை. மகனின் ஜாக்கெட்டை எடுத்துக்கொடுத்து, அவனைக் கூட்டிக்கொண்டு போய்விட்டார். கால் மணி நேரம் அந்தப் பையன் தான் ரொறன்ரோ போகப்போவதாக நம்பியிருந்தான். மறுவாரம் மன்னிப்புக் கேட்க இரண்டு தடவை அழைத்தேன். அவர் தொலைபேசியை எடுக்கவில்லை. ஒரு பிழையைத் திருத்தும்போதும் அதன் விலையை ஒருவர் கொடுக்கிறார் என்பதை இளையவர்கள் குறித்துக்கொள்ள வேண்டும்.

5. திங்கட்கிழமை

ஹெல்விக் அம்மையார் உட்கார்ந்து பேசினார். ஆதாரப் பத்தியைப் படித்துவிட்டு, "ஏழு பேர், ஒரு ஆதாரம்" என்றார். பிறகு, "சரியாகப் பதில் சொன்ன அணி ஏன் படிவத்தைத் தரவில்லை?" என்று கேட்டார்.

சொன்னேன். என் வேலையைப் பற்றி ஏதோ சொல்லப்போகிறார் என்று காத்திருந்தேன். அவர் ஒரு கேள்வி அட்டையை எடுத்து, பின்புறத்தில் இருந்த என் பெயரின்மேல் கோடு போட்டார். "இது இனி வேண்டாம்" என்றார். ஆறாம் மாத முடிவில் நிரந்தர ஒப்பந்தம் மேசையில் இருந்தது.

அன்று முதல் எங்கள் அட்டைகளில் எழுதியவரின் பெயர் இல்லை. போட்டி தொடங்கும் முன்பே ஒவ்வொரு நாற்காலியிலும் ஆட்சேபப் படிவமும் பென்சிலும் வைக்கிறோம். ஆட்சேபம் இல்லாதவரும் வெற்றுப் படிவத்தை மடித்துப் பெட்டியில் போட வேண்டும். ஆகவே, யார் எழுதினார், யார் எழுதவில்லை என்பது எவருக்கும் தெரியாது. நான் கற்ற பாடம் இதுதான்: ஒருவர் உண்மையைச் சொல்வதற்கு இன்னொருவர் மேலுள்ள அன்பு தடையாகும்படி ஒரு முறையை அமைத்தால், பிழை அமைத்தவருடையது.

ஆகஸ்டில் வதனி அக்கா ஒரு படம் அனுப்பினார். மஞ்சள் நிறப் பள்ளிப் பேருந்தின் முன், அவரும் அவரைப் போலவே சிரிக்கும் இன்னொரு பெண்ணும். கீழே எழுதியிருந்தார்: "பிள்ளை, ரோட்டு முடியிற இடத்தில நிக்கிறம். ரெண்டு பேர் சாட்சி. உம்மட ரெண்டு ஆதாரம்."

அச்செடுத்துக் கோப்பில் வைத்தேன். ஹெல்விக் அம்மையார் படத்தைச் சற்று நேரம் பார்த்தார்.

"சகோதரிகளா?"

"ஆம்."

"அப்படியென்றால் ஒரு ஆதாரம்தான்" என்று சொல்லி, அதை எடுத்துத் தம் மேசைக்கு மேலே சுவரில் ஒட்டிக்கொண்டார்.